நான் வைக்காமல் விட்ட வெறும் பொட்டு

முப்பது வருடம் ஒரு நாளிதழில் மற்றவர்களுடைய பிழைகளைத் திருத்திச் சம்பளம் வாங்கினேன். பத்திரிகைப் பிழையில் ஒரு வசதி உண்டு. இறந்துவிட்டதாக நாம் எழுதியவர் உயிரோடு வந்து நின்றால், மறுநாள் ஐந்தாம் பக்கத்தின் கீழ் மூலையில் இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்துவிடலாம். பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால், இருபத்துமூன்று வயதில் நான் செய்த ஒரு பிழைக்கு அப்படி ஒரு மூலை கிடைக்கவில்லை. அது ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. அதில் சம்பந்தப்பட்டவை ஒரு மனிதரின் கால், ஒரு பெட்டி ஊசி மருந்து, ஒரு பஞ்சிங் மெஷின்.

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் ஆய்வுக்கூடப் பயிற்சியை முடித்துவிட்டு, போர்ட் பிளேரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். எனக்கு மேலே ஒரு மூத்த டெக்னீஷியன் இருந்தார். நான் சேர்ந்த நான்காம் மாதம், அவர் தங்கை கல்யாணத்துக்காக மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினார். (அந்தமானில் இந்தியா என்று யாரும் சொல்வதில்லை, மெயின்லேண்ட்தான்.) போகும்போது சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்து, தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்யாதே என்று சொல்லிவிட்டுப் போனார். சாவிக்கொத்து மட்டும் என் நினைவில் நின்றது. அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு, நடக்கும்போது சத்தம் வரும்படி நடந்தேன்.

அந்த ஆய்வுக்கூடத்தில் நடந்த பெரிய வேலை ஒன்றுதான். ஒரு புண்ணின் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். முறை எளிது. கடற்பாசிக் கூழைக் கண்ணாடித் தட்டில் ஊற்றி உறையவைத்து, அதன்மேல் கிருமியைப் பூச வேண்டும். வடிதாளில் பஞ்சிங் மெஷினால் சின்ன வட்டங்கள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்தை ஊறவைத்து, காயவைத்து, தட்டில் ஒட்ட வேண்டும். அந்த வட்டங்களைப் பொட்டு என்போம். தட்டை ஒரு நாள் உடம்புச் சூட்டில் வைத்தால், கிருமி பனி படிந்த மாதிரி தட்டு முழுக்க வளரும். மருந்து கேட்டால் அந்தப் பொட்டைச் சுற்றி மட்டும் வளராமல் தெளிவாக ஒரு வளையம் விழும். கேட்காவிட்டால் பொட்டின் ஓரம்வரை வந்து முட்டிக்கொண்டு நிற்கும்.

இதில் இன்னொரு பொட்டும் வைக்க வேண்டும். எந்த மருந்தும் இல்லாத வெறும் பொட்டு. அதைச் சுற்றி வளையம் விழக் கூடாது. விழுந்தால் தாளிலேயே கோளாறு என்று அர்த்தம். சென்னையில் இதை எனக்கு மூன்று முறை சொல்லிக்கொடுத்தார்கள். நான் மூன்று முறையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். என் அந்தரங்க அபிப்பிராயம் வேறாக இருந்தது. வெறும் பொட்டு என்பது தன் கைமேல் நம்பிக்கை இல்லாதவர்கள் வைப்பது.

அந்த மாதம், தெற்குக் கோடியில் கிரேட் நிக்கோபார் தீவில் இருக்கும் கேம்பல் பேயிலிருந்து வந்த கப்பலில் ஹவில்தார் கோவிந்தசாமி வந்து சேர்ந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வட ஆற்காடு ஜில்லாக்காரர். கிரேட் நிக்கோபாரில் முன்னாள் ராணுவத்தினருக்குக் காட்டை வெட்டி நிலம் கொடுத்தபோது, குடும்பத்தோடு போய் இறங்கியவர். காடு வெட்டும்போது கத்தி நழுவி இடது பாதத்தில் விழுந்திருக்கிறது. அங்கே பென்சிலின் ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். புண் ஆறவில்லை. கப்பல் கார் நிக்கோபாரில் நின்று, இன்னும் எங்கெங்கோ நின்று போர்ட் பிளேர் வருவதற்குள் கணுக்கால்வரை வீங்கிவிட்டது.

கூட அவருடைய மகள் சரோஜா வந்திருந்தாள். கேம்பல் பேயில் குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பெண். அப்பாவின் ஜுரத்தை மணிக்கொரு தரம் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் குறித்ததைவிட அது சுத்தமாக இருந்தது.

ஹவில்தாருக்கு வலியைப் பற்றிக் கவலை இல்லை. கால் போய்விட்டால் நிலம் போய்விடும் என்பதுதான் பயம். அப்படிச் சட்டம் ஒன்றும் கிடையாது என்று எல்லாரும் சொன்னார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒற்றைக் காலோடு எப்படிக் காடு வெட்டுவது, வெட்டாத நிலத்தை எத்தனை நாள் தன் பெயரில் விட்டுவைப்பார்கள் என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் கேட்டார்.

டாக்டரம்மா கோட்டயத்துக்காரர். அதிகம் பேசமாட்டார். அவருடைய அலமாரியில் ஒரே ஒரு பெட்டி க்ளாக்சாசிலின் இருந்தது. அப்போது அது எங்களுக்குப் புதிய மருந்து. பென்சிலினுக்கு அடங்காத கிருமிகளையும் அடக்கும் என்று பெயர். அந்தப் பெட்டி ஒரே ஒரு ஆளுக்குத்தான் காணும். அடுத்த பெட்டி எந்தக் கப்பலில் வரும் என்று கடவுளுக்கும் கப்பல் கம்பெனிக்கும் மட்டும் தெரியும். அதனால் அவர் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். பழைய மருந்துகளில் ஏதாவது கேட்டால் அதையே கொடுப்போம். கேட்காவிட்டால் பெட்டியைத் திறப்போம். பெட்டியும் கேட்காவிட்டால் மெயின்லேண்ட் கப்பலில் அனுப்ப வேண்டியதுதான். அங்கே என்ன செய்வார்கள் என்று அவர் சொல்லவில்லை. கையைத் தன் முழங்காலுக்குக் கீழே ஒரு முறை வைத்து எடுத்தார். எனக்குப் புரிந்தது.

சீழை எடுத்துக் கிருமியை வளர்த்துவிட்டேன். மறுநாள் மருந்துப் பொட்டு வைக்க வேண்டும். டப்பாவைத் திறந்தால் உள்ளே வடிதாள் இல்லை. மெயின்லேண்டிலிருந்து வர வேண்டிய கட்டு இன்னும் வரவில்லை.

அப்போது என் மூளை வேலை செய்தது. (என் வாழ்க்கையின் எல்லாச் சேதங்களும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகின்றன.) வடிதாள் என்பது என்ன? ஈரத்தை உறிஞ்சும் தாள். ஆபீஸில் ஈரத்தை உறிஞ்சும் தாள் எது? பிளாட்டிங் பேப்பர். மை ஒற்றும் தாள்.

ஆபீஸ் காகிதங்களுக்கு அதிபதி முனுசாமி பாபு. அவர் தாத்தா கைதியாக வந்தவர், அப்பா போர்ட் பிளேரிலேயே பிறந்தவர், அவர் வீட்டுத் தமிழில் பாதி இந்தி. காகிதத்தைத் தங்கம் மாதிரி பூட்டிவைப்பார். ஒரு தாள் வாங்க ஒரு படிவம், படிவத்தில் இரண்டு கையெழுத்து. நான் போனபோது அவர் சாப்பிடப் போயிருந்தார், அலமாரி திறந்திருந்தது. அலமாரிக் கதவில் இந்தியில் பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. இந்தி படிக்க மறுத்து ஊர்வலம் போன ஊரிலிருந்து வந்தவன் நான். அந்த அறிவிப்பை ஒரு கொள்கையோடு படிக்காமல், இரண்டு ரோஸ் நிறத் தாள்களை எடுத்துக்கொண்டேன்.

பஞ்சிங் மெஷினில் அழகாக வெட்டினேன். வட்டங்களைச் சுடுபெட்டியில் வைத்துச் சுத்தம் செய்தேன். மிச்சத் தாள்களைச் சாயங்காலம் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன். ஓட்டைகளுக்கு நடுவே இன்னும் நிறையத் தாள் இருந்ததால், அதில் மை ஒற்றலாமே என்று நினைத்தேன். அதை ஒரு நேர்மையான செயலாகக்கூட அன்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

தட்டில் ஆறு பொட்டுக்கு இடம் இருந்தது. மருந்து ஐந்து. ஆறாவது இடம் வெறும் பொட்டுக்கு உரியது. அந்த இடத்தில் பென்சிலினையே இரண்டாவது முறை வைத்தேன். தட்டு பார்க்க நிறைவாக இருந்தது.

மறுநாள் காலை இன்குபேட்டரைத் திறந்தேன். ஆறு ரோஸ் பொட்டுகள். ஒவ்வொன்றையும் சுற்றி கண்ணாடி மாதிரி தெளிவான, பெரிய வளையம். ஐந்து மருந்தும் கேட்கிறது. பென்சிலின் இரண்டு தரம் கேட்கிறது. அடங்காத கிருமி என்று ஆஸ்பத்திரியே பயந்துகொண்டிருந்த கிருமி, என் தட்டில் ஐந்து பேரிடமும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் நடந்தேன். (ஓடவில்லை. ஓடினால் சாவிக்கொத்து ஒழுங்காகச் சத்தம் போடாது.) அவர் பார்த்தார். பொட்டு ஏன் ரோஸாக இருக்கிறது என்று கேட்டார். வடிதாள் இல்லாததால் ஆபீஸ் தாளை வைத்தேன் என்றேன். சமயோசிதம் என்றுகூடச் சொன்னார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். கேம்பல் பேயிலேயே பென்சிலின் போட்டிருக்கிறார்களே, அங்கே ஏன் கேட்கவில்லை?

நல்ல கேள்வி. அந்தக் கேள்வியோடு நான் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. எனக்கு உடனே பதில் தெரிந்துவிட்டது. கேம்பல் பேயில் இருக்கும் பென்சிலின் வெயிலில் கெட்டுப்போயிருக்கும் என்றேன். சொன்னதோடு நிற்காமல், ஒரு முழுப் பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். தூரத் தீவுகளில் மருந்தைக் குளிர்ச்சியாக வைப்பது எப்படி என்பது அதன் பொருள். எங்கள் அறையில் குளிர்பெட்டி இல்லை, என் தண்ணீர்ப் பானைகூட ஒழுகும். ஆனாலும் எழுதினேன். டாக்டரம்மா அதைச் சுருக்கி, கையிருப்பு மருந்தின் தரம் பற்றிச் சந்தேகம் இருக்கிறது, விளக்கம் தேவை என்று கேம்பல் பே கம்பவுண்டருக்கு வயர்லெஸ்ஸில் அனுப்பினார்.

ஹவில்தாருக்குப் பென்சிலின் தொடங்கியது, இந்த முறை பெரிய அளவில். க்ளாக்சாசிலின் பெட்டி அலமாரியிலேயே இருந்தது. வார்டுக்குப் போய் நானே விஷயத்தைச் சொன்னேன்.

"நம்ம பூச்சி இன்னா சொல்லுது தம்பி?" என்று கேட்டார் ஹவில்தார்.

"எல்லா மருந்துக்கும் அடங்குதுங்க."

"டீக் ஹை," என்று படுத்தபடியே எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். அதுவரை எனக்கு யாரும் சல்யூட் அடித்ததில்லை. பதிலுக்கு நானும் அடித்தேன், இடது கையால்.

சரோஜா மட்டும் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, அங்கே கேட்காத மருந்து இங்கே எப்படிக் கேட்கும் என்று கேட்டாள். அவளுக்கும் வெயில், குளிர்ச்சி எல்லாம் விளக்கினேன். நோட்டில் எதையோ குறித்தாள்.

முதல் நாள் ஜுரம் குறையவில்லை. மருந்து பிடிக்க நேரமாகும் என்றேன். இரண்டாம் நாள் ஜுரம் ஏறியது. கால் சுண்டுவிரல் கறுக்க ஆரம்பித்தது. அன்றைக்கு நான் அந்த வார்டு வழியாகப் போகாமல், சமையல்கட்டைச் சுற்றிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். தட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். வளையங்கள் அப்படியே இருந்தன. தட்டு சரி, ஜுரம்தான் தப்பு என்ற முடிவுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை கேம்பல் பேயிலிருந்து வயர்லெஸ் பதில் வந்தது. டாக்டரம்மா என்னை வார்டுக்குக் கூப்பிட்டு, கட்டிலருகிலேயே காகிதத்தை நீட்டினார். கம்பவுண்டர் மரியாதையாகவே எழுதியிருந்தார். அதே மருந்தை அதே வாரம் தன் முதுகில் இருந்த கட்டிக்குப் போட்டுக்கொண்டதாகவும், மூன்று நாளில் ஆறிவிட்டதாகவும், மேற்கொண்டு உத்தரவு எதிர்பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார்.

நான் யோசித்தேன். கம்பவுண்டரின் கட்டி கொஞ்சம் அடக்கமான கட்டியாக இருக்கலாம் என்றேன்.

டாக்டரம்மா தட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகு நேரம் பார்த்தார்.

"எல்லாம் ஒரே சைஸ் ஆணல்லோ," என்றார். அவர் தமிழ் பேசினாலும் கவலை வந்தால் மலையாளம் வந்துவிடும். "அஞ்சு மருந்துக்கும் ஒரே வளையம். அது எங்ஙன?"

பஞ்சிங் மெஷினால் ஒரே அளவாக வெட்டியதால்தான் வளையமும் ஒரே அளவு என்று சொன்னேன். இதை நான் உண்மையிலேயே சொன்னேன். ஐம்பது வருடமாகப் போகிறது, இன்னும் குளிக்கும்போது நினைவுக்கு வந்தால் தலையில் தண்ணீரை வேகமாக ஊற்றிக்கொள்கிறேன்.

"வெறும் பொட்டு எவிடெ?" என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்து முனுசாமி பாபு வார்டுக்குள் வந்தார். கையில் இரண்டு ரோஸ் தாள்கள். இடியாப்ப அச்சு மாதிரி அவை முழுக்க ஓட்டை. அவர் கோபமாக இல்லை. மனசு உடைந்துபோனவர் மாதிரி இருந்தார்.

"மேடம்ஜி, மாஃப் பண்ணணும். நம்ம ஆஸ்பத்திரியில எலிகூட பஞ்சிங் மெஷின் வெச்சிருக்கு போல. பாருங்க என் காகஸை." தாளை விரித்துக் காட்டினார். ஓட்டைகள் வழியாக அவர் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. "போன மழைக்கு ஃபைல் எல்லாம் கரையான் தின்னுடுச்சு. அதுக்காக ஒவ்வொரு தாளா தவா தடவி, நிழல்ல காய வெச்சேன். கரையான் விட்டுடுச்சு, மனுஷன் தின்னுட்டான்."

"எந்து தவா?" என்றார் டாக்டரம்மா. (தவா என்றால் இந்தியில் மருந்து.)

"நம்ம லேப்ல கொடுத்ததுதான் மேடம்ஜி. பாதரசத் தவா, சாராயத்துல கலக்கினது. அது பட்ட தாள் பக்கம் ஒரு பூச்சி வராது." பிறகு என்னைப் பார்த்து, உண்மையான அக்கறையோடு கேட்டார். (அங்கே அண்ணன், தம்பி எல்லாரும் பாய்தான்.) "நாக்குல கீக்குல வெச்சிடலியே பாய்? கதவுல எழுதி ஒட்டியிருக்கேனே, விஷம்னு."

டாக்டரம்மா அந்தத் தாளை வாங்கினார். ஓர் ஓட்டையைத் தட்டிலிருந்த பொட்டுக்கு நேரே பிடித்தார். கச்சிதமாகப் பொருந்தியது. என் கைநேர்த்தியை அதற்குமேல் யாரும் நிரூபிக்க முடியாது.

ஆக, நான் சோதித்தது மருந்துகளை அல்ல. முனுசாமி பாபுவின் கரையான் வைத்தியத்தை. அது அபாரமாக வேலை செய்தது. சுடுபெட்டியின் சூடு கிருமியைக் கொல்லும், பாதரசத்தை என்ன செய்யும்? வெறும் பொட்டு ஒன்று வைத்திருந்தால் அதைச் சுற்றியும் வளையம் விழுந்திருக்கும். முதல் நாள் காலையிலேயே குட்டு உடைந்து, தட்டு குப்பைக்குப் போயிருக்கும். நான் அந்த இடத்தில் பென்சிலினை இரண்டு தரம் வைத்தேன், பார்க்க அழகாக இருக்கிறது என்று.

ஹவில்தார் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னா ஆச்சு? யாராச்சும் சொல்லுங்கப்பா."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார்.

"நான் செஞ்ச சோதனை தப்புங்க. கிருமியைக் கொன்னது மருந்தில்லை. அந்தத் தாள்ல இருந்த விஷம். ரெண்டு நாளா உங்களுக்குக் கேக்காத மருந்தைப் போட்டிருக்கோம்."

அவர் தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தார். ஜுரத்தில் கண் சிவந்திருந்தது.

"அப்ப அந்தக் காயிதத்தையே கால்ல கட்டி உடறதுதானே?"

யாரும் சிரிக்கவில்லை. சரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா அங்கேயே பெட்டியை வரவழைத்துத் திறந்து, முதல் ஊசியைத் தானே போட்டார். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். மெயின்லேண்ட் கப்பல் மறுநாள் மத்தியானம் புறப்படுகிறது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று தெரியாது. புது மருந்து இந்தக் கிருமிக்குக் கேட்குமானால் ஹவில்தார் இங்கேயே இருக்கலாம். கேட்காது என்றால் நாளைக்கே கப்பலில் ஏற்ற வேண்டும். காலையில் ஒரு பதில் வேண்டும், இந்த முறை பதிலாக இருக்க வேண்டும் என்றார். வேறு ஆள் இல்லாததால் என்னிடமே கேட்டார். அதை நான் நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளவில்லை.

கிருமி பத்திரமாக இருந்தது. மருந்து இருந்தது. தாள்தான் இல்லை. முனுசாமி பாபு தன் அலமாரியை முழுக்கத் திறந்துவிட்டார், படிவம்கூடக் கேட்கவில்லை. ஆனால் அந்த மனிதர் கடமை தவறாதவர். டைப் அடிக்கும் தாள், கோடு போட்ட தாள், உறை, வருகைப் பதிவேடு எல்லாவற்றுக்கும் தவா தடவியிருந்தார். அந்த ஆபீஸில் கிருமி உயிரோடு உட்காரக்கூடிய காகிதம் ஒன்றுகூட இல்லை. "இவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்கேன், இன்னைக்குத்தான் வருத்தமா இருக்கு," என்றார்.

நான் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தபோது சரோஜா வந்தாள். கையில் ஒரு வெள்ளை பிளாட்டிங் பேப்பர். பள்ளிக்கூடத்து நோட்டுக்குள் வைத்திருந்தது, வேலூரில் வாங்கி டிரங்குப் பெட்டியில் கூடவே வந்தது.

"இது ஆகுமா?"

ஆகும் என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டு, தெரியவில்லை என்றேன். அந்தத் தீவுக்கு வந்த நாலு மாதத்தில் நான் சொன்ன முதல் சரியான பதில் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

டாக்டரம்மா கேட்ட அந்த வெறும் பொட்டு என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள்.

"அதாவது, மருந்தைப் பரீட்சை பண்றதுக்கு முன்னாடி உங்களைப் பரீட்சை பண்றது."

"ஆமாம்."

"அப்ப ரெண்டு வெச்சிடுங்க," என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் போனாள்.

இரண்டு தட்டு போட்டேன். ஒவ்வொன்றிலும் இரண்டு வெறும் பொட்டு. தட்டு பார்க்க அழகாக இருக்கிறதா என்று இந்த முறை பார்க்கவில்லை. சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து கழற்றி மேஜை டிராயரில் போட்டேன்.

காலையில் டாக்டரம்மாவும் நானும் சேர்ந்தே இன்குபேட்டரைத் திறந்தோம். நான் முதலில் மருந்தைப் பார்க்கவில்லை. வெறும் பொட்டைப் பார்த்தேன். கிருமி அதன் ஓரம்வரை அடர்த்தியாக வளர்ந்திருந்தது. நாலு பொட்டிலும் அப்படியே. வாழ்க்கையில் ஒரு கிருமி செழிப்பாக வளர்ந்ததைப் பார்த்து நான் மூச்சுவிட்டது அந்த ஒரு தடவைதான். பென்சிலின் பொட்டு, கிருமியோடு கிருமியாக முங்கிக் கிடந்தது. கம்பவுண்டர் சொன்னது சரி, மருந்து கெடவில்லை. கிருமிதான் அதை மதிக்கவில்லை. மற்ற மூன்று பழைய மருந்துகளும் அதே கதி. க்ளாக்சாசிலின் பொட்டைச் சுற்றி மட்டும், ஒரு ரூபாய் நாணயம் உட்காரும் அளவுக்குத் தெளிவான வளையம்.

டாக்டரம்மா தட்டை மூடி மேஜைமேல் வைத்தார். என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு வார்டுக்குப் போனார். அது பாராட்டா அல்லது தண்டனையா என்று இன்றுவரை தெரியவில்லை. கொஞ்சம் வலித்தது. மத்தியானம் மெயின்லேண்ட் கப்பல் ஹவில்தாரை ஏற்றிக்கொள்ளாமல் புறப்பட்டுப் போனது. அதன் சங்குச் சத்தத்தை ஆய்வுக்கூடத்து ஜன்னலில் நின்று கேட்டேன்.

கால் பிழைத்தது. சுண்டுவிரல் பிழைக்கவில்லை. அதை எடுக்க வேண்டியதாயிற்று.

கம்பவுண்டருக்கு மன்னிப்புக் கேட்டு நானே வாசகம் எழுதி வயர்லெஸ்ஸில் அனுப்பினேன். வயர்லெஸ்ஸில் ஒரு சங்கடம், அது போய்ச் சேர வேண்டியவரோடு நிற்காது, எல்லாத் தீவுக்கும் கேட்கும். ஒரு மாதம் கழித்து நடு அந்தமானில் இருக்கும் ரங்கத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு வங்காளி விவசாயி என்னிடம் வந்து, ரோஸ் பொட்டு லேப்காரர் நீங்கள்தானா என்று இந்தியில் விசாரித்தார். அதற்குள் எனக்கு அந்த அளவுக்கு இந்தி வந்திருந்தது. முதலில் படிக்கக் கற்றுக்கொண்ட இந்தி வாசகமே முனுசாமி பாபுவின் அலமாரிக் கதவுதான். "விஷம். தொட்டால் கை கழுவவும்."

ஹவில்தார் ஆறு வாரம் கழித்துக் கேம்பல் பேக்குத் திரும்பினார். நிலத்தை முழுக்க வெட்டித் தென்னை வைத்தார். நானும் ஆய்வுக்கூட அறிக்கை, மருந்து இருப்பு விசாரணை என்று காரணம் சொல்லிக்கொண்டு இரண்டு தரம் அந்தக் கப்பலில் போய்வந்தேன். இரண்டாவது தரம் காரணம் எதுவும் மிச்சமில்லாததால், சரோஜாவை எனக்குக் கொடுப்பீர்களா என்று ஹவில்தாரிடம் நேராகக் கேட்டுவிட்டேன். ஹவில்தார் மகளைக் கேட்டார். சரோஜா எனக்கு ஒரு வருடம் அவகாசம் கொடுத்தாள். அந்த ஒரு வருடம் எதற்கு என்று பிற்பாடு கேட்டேன். "வெறும் பொட்டு," என்றாள்.

கல்யாணத்தில் என் பெரியப்பா, பெண்ணுக்கு என்ன போடுகிறீர்கள் என்று சம்பந்தி மரியாதையோடு கேட்டுவைத்தார். மாமனார் செருப்பைக் கழற்றி இடது பாதத்தைப் பந்தல் நடுவில் நீட்டினார். "முன்பணமா சுண்டுவிரலை உங்க பையன்கிட்டக் குடுத்தாச்சு. மீதி கேட்டா காலையே எடுத்துருவாரு." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை என் பக்கத்து ஆட்கள் எடுக்கவில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் எதையும் எளிதில் நிரூபிக்க முடியாது. கஷாயம் குடித்ததால் சளி போயிற்று என்று நான் சொன்னால், குடிக்காமல் இருந்தால் போயிருக்காதா என்று பேத்தி கேட்பாள். புதுக் கண்ணாடியில் எழுத்து நன்றாகத் தெரிகிறது என்றால், விளக்கைப் போட்டது யார் என்று மகன் கேட்பான். எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். பொட்டின் நிறம்வரை தெரியும்.

ஒரு விஷயம் மட்டும் நான் அடிக்கடி எடுப்பதில்லை. ஓய்வு பெற்றபின் டாக்டரம்மாவைக் கோட்டயத்தில் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அந்த இரண்டு நாள் வீணாகாமல் இருந்திருந்தாலும் சுண்டுவிரல் போயிருக்கும் என்று சொன்னார். கப்பலில் வந்தபோதே அது பாதி போய்விட்டது என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு மனசு லேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சரோஜாவிடம் சொன்னேன். எப்படியும் போயிருக்குமாம், டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்.

அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"வெறும் பொட்டு வெச்சுப் பாத்தாங்களாமா?"